‘அல்லது’ மேல் ஒரு விரல்

மார்ச் 3, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஃபர்ஹானா சொன்னதால் எழுதுகிறேன். அவர் ஒவ்வொரு நாளும் என்னென்ன சொற்கள் சொல்கிறார் என்று தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டுமாம். அவள் படிக்கப் போகிறாள் என்பதால் முறையாகவே ஆரம்பிக்கிறேன்.

பெயர் அறவாழி. வயது ஐம்பத்தொன்று. திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பொங்கல் முடிந்த வாரத்தில் பக்கவாதம். வலது கை, வலது கால் பலவீனம். பேச்சு போய்விட்டது. உடன் இருப்பவர் மனைவி வசுமதி, அதாவது நான். நானும் கணிதம்தான், வேறு கல்லூரி.

இன்றைய சொற்கள்: ஆமா. இல்ல. தண்டவாளம்.

காப்பி வேண்டும் என்றாலும் தண்டவாளம், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாலும் தண்டவாளம். மற்றதெல்லாம் போனபோது இந்த ஒரு சொல் மட்டும் எப்படித் தங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்வது வழக்கம்தான் என்கிறாள் ஃபர்ஹானா. அவளிடம் பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா எதற்கெடுத்தாலும் ‘புதன்கிழமை’ என்பாராம்.

மார்ச் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. நரம்பியல் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க பேர் அறவாழியா?”

“இல்ல.”

“நாம இப்ப ஆஸ்பத்திரியில இருக்கமா?”

“இல்ல.”

“இவங்க உங்க மனைவியா?”

என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இல்ல” என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், “புரிஞ்சுக்கிற சக்தியே ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. பெருசா எதிர்பார்க்காதீங்க” என்றார்.

திரும்பும் வழியில் புத்தூரில் கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

இனி ஃபர்ஹானாவுக்குச் சொற்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

டாக்டரின் அறிக்கையைப் படித்துவிட்டு ஃபர்ஹானா உதட்டைப் பிதுக்கினாள். இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். ஆனால் அவள் வந்தால் வீட்டில் எல்லோரும் நேராக உட்கார்ந்துவிடுகிறோம்.

“மேடம், இவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான கேள்வியே ஆமாவா இல்லையாங்கறதுதான். மனசுல ஆமா இருக்கும், வாய் இல்லன்னு சொல்லிடும். சொன்னது தப்புன்னு அவங்களுக்கே தெரியும், திருத்த முடியாது. அப்படிக் கேக்காதீங்க. காட்டச் சொல்லுங்க.”

கட்டிலின் மேல் சீப்பு, கரண்டி, அவர் கண்ணாடி மூன்றையும் வைத்தாள். “சார், சாப்பிடறதுக்கு எது, காட்டுங்க.” இடது கை மெதுவாக வந்து கரண்டியைத் தொட்டது. “தலைக்கு?” சீப்பு. “படிக்கறதுக்கு?” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார், வகுப்பு ஆரம்பிக்கப் போகிறவர் மாதிரி.

துறையூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அவருடைய அக்கா, அண்ணி என்று நான் கூப்பிடும் பூங்காவனம், வாசற்படியில் நின்று பார்த்தார். “ஏதோ கைக்கு ஆப்படறத எடுக்கறான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனார்.

மார்ச் 10

கோயம்புத்தூர் வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிறகு பேசுகிறேன் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

தஞ்சாவூரிலிருந்து பதிப்பாளர் மரியசேவியர் வந்திருந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், சங்கடமான முகம். அவரிடம்தான் இவருடைய புத்தகம் இருக்கிறது. தமிழில் ஆக்கமுறைக் கணிதம் பற்றி முதலில் வரப்போகிற முழுப் புத்தகம். ஒன்பது அத்தியாயம். ஏழாவது பாதியில் நிற்கிறது. எட்டும் ஒன்பதும் முன்பே எழுதியாகிவிட்டது.

“ஏழாவதை எடுத்துட்டுப் போட்டுரலாமா மேடம்? சாரும் பார்த்துட்ட மாதிரி இருக்கும்” என்றார். கடைசி வாக்கியத்தை முடித்ததும் தான் சொன்னது தனக்கே கேட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ஏழாவதை எடுத்தால் எட்டு நிற்காது. அதை நான் சொன்னேன். யார் முடிப்பது என்றார். பார்க்கலாம் என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் “தண்டவாளம்” என்றார். சேவியர் பயந்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

விடுமுறை நாளில் வீட்டில் வேறு வேலை இல்லாததால் கையெழுத்துப் பிரதியைப் படிக்கிறேன்.

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். நான் படித்த, கற்பிக்கிற கணிதத்தில் ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை. மூன்றாவது வழி கிடையாது. அதனால் ஒன்று இருக்கிறது என்று நிறுவ, அதைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. இல்லை என்று வைத்துக்கொண்டு போனால் முரண்பாடு வருகிறது என்று காட்டினால் போதும். இவர் கட்சி வேறு. இருக்கிறது என்று சொல்பவர் கொண்டுவந்து காட்ட வேண்டும், குறைந்தது அதைப் போய் அடையும் வழியையாவது தர வேண்டும். காட்ட முடியாதவரை ‘இல்லை என்று சொல்ல முடியாது’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி கிடையாது என்ற அந்த விதியை வைத்துக்கொள்ளாமலேயே முழுக் கணிதத்தையும் அடியிலிருந்து கட்டலாம் என்பதுதான் புத்தகம்.

இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை என்கிறோம். அவளுக்கு ஆசை இருக்கிறது என்கிறோம். இரண்டும் ஒன்றா? தமிழ் பேசும் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதலாவதில் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. பழைய தர்க்கம் அதை முழுக்கத் திறந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.”

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். என்னிடம் இதைக் காட்டவில்லை.

கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றித்தான் சண்டை போடுவோம். கையில் இருக்கிற கருவியை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்பேன். ரசம் ஆறிப்போகும். கடைசி மூன்று நான்கு வருடமாகச் சண்டை ஒன்றும் இல்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது.

சொற்கள்: ஆமா, இல்ல, தண்டவாளம், ம்ஹூம். ‘ம்ஹூம்’ சொல்லில் சேர்த்தியா என்று ஃபர்ஹானாவிடம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஏழாம் அத்தியாயத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

விஷயம் எளிமையானது. ஒரு தொடர்ச்சியான சார்பு ஒரு முனையில் பூஜ்யத்துக்குக் கீழே, மறுமுனையில் மேலே. அப்படியானால் நடுவில் எங்கோ ஓரிடத்தில் அது பூஜ்யத்தைத் தொட வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் இடையில் ஆற்றைக் கடந்திருப்பார். முதலாமாண்டு மாணவர்களுக்கு வருடாவருடம் நான் நடத்துவது. இடைவெளியை இரண்டாக வெட்டு, எந்தப் பாதியில் கடக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள், அதையும் வெட்டு, இப்படியே போ.

இது ஆக்கமுறைக்கு ஒத்ததுதானே, வழியே கொடுத்தாயிற்றே என்று ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதினேன். இதற்கா இவர் மாதக்கணக்கில் திணறினார்.

அண்ணி வெந்தயக் குழம்பு வைத்திருந்தார். இவருக்கு ஊட்டப் போனபோது கரண்டியைப் பிடுங்கித் தானே சாப்பிட்டார். சட்டையெல்லாம் குழம்பு.

ஏப்ரல் 5, ஞாயிறு

தினமும் எதையாவது உரக்கப் படித்துக் காட்டுங்கள் என்று ஃபர்ஹானா சொல்லியிருக்கிறாள். செய்தித்தாள் படித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் என் நான்கு பக்கத்தையே, தாளை அவர் மடியில் வைத்து, வரிக்கு வரி படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் அவருடைய இடது கை எழுந்து ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன். “தண்டவாளம்.” தண்ணீர் கொண்டுவந்தேன், தள்ளிவிட்டார். மேலே படித்தேன். பக்கத்தைப் பின்னால் திருப்பி அதே இடத்தில் மறுபடி விரலை வைத்தார். இந்த முறை தட்டினார்.

அந்த வரி: “நடுப்புள்ளியில் சார்பின் மதிப்பு நேர், அல்லது எதிர், அல்லது பூஜ்யம்.”

விரல் முதல் ‘அல்லது’வின் மேல் இருந்தது.

வரியை மூன்று முறை படித்திருப்பேன். பிறகுதான் உறைத்தது. இந்த மூன்றில் எது என்று எப்படித் தெரியும்? ஒரு எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் பூஜ்யமாக வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை இலக்கம் பார்த்தாலும் அடுத்தது என்ன என்று தெரியாது. அது பூஜ்யமேதானா, ரொம்பத் தள்ளி எங்கோ ஒரு ஒன்று காத்திருக்கிறதா என்று எந்த இடத்திலும் நின்று சொல்ல முடியாது. மூன்றில் ஒன்று உண்மையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் அந்தச் சின்னச் சொல்லுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன். எனக்கே தெரியாமல்.

“இதைத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார், தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டிக்கொண்டு.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அண்ணி திட்டினார்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். விரல் சும்மாவும் வந்து உட்காரலாம். நம்ப ஆசைப்படுகிறவர்தான் முதலில் ஏமாறுகிறவர் என்பது எனக்குத் தெரியும்.

காலையில் கல்லூரிக்குப் போகும் முன் மூன்று பக்கம் தயார் செய்தேன். முதலாவதில் நான் வேண்டுமென்றே ஒரு ‘ஆகவே’யை வைத்தேன்: இல்லை என்றால் முரண்பாடு, ஆகவே இருக்கிறது. இரண்டாவதில் ஒரு சாதாரணக் கணக்குப் பிழை. மூன்றாவது சுத்தமானது.

மாலை வந்து எதுவும் பேசாமல் தாள்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்தேன். முகம் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் தாளில் ‘ஆகவே’யைத் தட்டினார். இரண்டாவதில் கூட்டல் குறியைத் தட்டிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார், இதுகூடவா என்பதுபோல. மூன்றாவதை வெகுநேரம் படித்தார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. பிறகு தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறும் அந்தச் சிரிப்பை ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். ஜனவரிக்கு முன்னாலும் கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லை.

அண்ணி வந்து, “என்னத்துக்கு ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“அவருக்கு எல்லாம் புரியுது அண்ணி.”

“அதான் நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றார். சொல்லவே இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பாயசம்.

முந்திரி வறுத்துக்கொண்டிருந்தபோது என் கைபேசியை அண்ணி எடுத்துப் பேசிவிட்டார்.

“வசு, கோயம்புத்தூர்லேருந்து யாரோ வீட்டுக்காரரு. ஒத்த ஆளுக்குத்தான கேட்டிருந்தீங்க, எப்ப வர்றீங்கன்னு கேக்கறாரு.”

“அங்க ஒரு ஆய்வு நிறுவனத்துல வேலை கிடைச்சிருக்கு அண்ணி. டிசம்பர்லயே ஆர்டர் வந்துச்சு. ஜூன்ல சேரணும்.”

“ஒத்த ஆளுக்கா?”

பாயசம் அடிப்பிடிக்குது என்றேன். அடுப்பைச் சின்னதாக்கினேன்.

சாப்பிட்டு முடித்து அவர் தூங்கப் போனபின் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். “எனக்குத் தெரியாம இல்ல வசு. போன தடவ நான் வந்தப்பவே ஆளுக்கொரு நேரத்துல சாப்பிட்டீங்க. நான் எதுவும் கேக்கல. இப்பவும் கேக்க மாட்டேன். உனக்கு வேலைக்குப் போகணும்னா போ. அவன நான் துறையூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அவனுக்கு நான் சோறு போட மாட்டனா?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அங்கே வாசலில் ஒரு சாய்வு நாற்காலி போடுவார்கள். மூன்று வேளையும் நன்றாகக் கவனிப்பார்கள். யாரும் அவருக்கு ‘அல்லது’ உள்ள தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. பாத்திரம் துலக்கும்போது.

நடுப்புள்ளியில் மதிப்பு நேரா எதிரா பூஜ்யமா என்று கேட்கவே கூடாது. அதற்குப் பதில் வராமலே போகலாம். பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி ஒவ்வொரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கேள்வி: மதிப்பு கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா, இல்லை மேல்கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், பரவாயில்லை. போதுமான இலக்கங்களைக் கணக்கிட்டால் ஏதாவது ஒன்றை நிச்சயமாகச் சொல்லிவிட முடியும். அதை வைத்துக்கொண்டு அடுத்த பாதிக்குப் போகலாம். கடைசியில் கிடைப்பது பூஜ்யத்தைத் தொடும் புள்ளி என்று உறுதி இல்லை. ஆனால் எவ்வளவு கிட்டத்தில் வேண்டும் என்கிறீர்களோ அவ்வளவு கிட்டத்தில் ஒரு புள்ளியைக் கையில் கொடுக்கலாம்.

ஈரக்கையோடு போய் அவரிடம் சொன்னேன். நடுவிலேயே இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.

சொற்கள்: ஆமா (சரியான இடத்தில்).

ஏப்ரல் 20, திங்கள்

ஃபர்ஹானாவிடம் மூன்று தாள் சோதனையைப் பற்றிச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். “இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்றீங்களே மேடம்.” பிறகு உட்கார்ந்து யோசித்தாள்.

“எனக்குப் பாடம் எடுத்த டாக்டர் ரெபேக்கா ஒரு மையம் நடத்தறாங்க. தினமும் நாலு மணி நேரம் பேச்சுப் பயிற்சி. புரிஞ்சுக்கிற சக்தி இருக்கறவங்களை மட்டும்தான் சேர்ப்பாங்க. இந்த ஆஸ்பத்திரி அறிக்கைய வெச்சு நான் அனுப்பவே இல்ல. இப்பக் கேக்கலாம். ஒரே பிரச்சினை, அது கோயம்புத்தூர்ல இருக்கு. நீங்க வேலைய விட்டுட்டு அங்க போய்த் தங்கணும்.”

உள்ளே அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

டாக்டர் ரெபேக்கா காணொளியில் அவரைப் பார்த்தார். வழக்கமான கேள்விகள்தான் முதலில். இன்று திங்கட்கிழமையா, கல்லு தண்ணியில மிதக்குமா. பாதிக்கு மேல் தப்பு. கல் மிதக்கும் என்றபோது அவருக்கே நெற்றி வியர்த்துவிட்டது.

“மேடம், இன்னொரு முறை இருக்கு, பார்க்கறீங்களா?” என்றாள் ஃபர்ஹானா.

ரெபேக்கா கண்டிப்பானவர். நான் அறையில் இருக்கக் கூடாது என்றார். என் முகத்தைப் பார்த்து இவர் விடையைத் தெரிந்துகொள்ளலாமாம். நியாயம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பிழை எங்கே என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கணக்கு தெரியாத ஃபர்ஹானா தாள்களைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அண்ணி குக்கர் வைத்திருந்தார். எத்தனை விசில் வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பருப்பு கரைந்து தண்ணியாகிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். ரெபேக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “எனக்கு இதுல ஒரு வரிகூடப் புரியலம்மா. ஆனா அவருக்குப் புரியுது. ஜூன் முதல் வாரம் கூட்டிட்டு வாங்க.”

மே 2, சனி

அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். மையம் கோயம்புத்தூரில் இருக்கிறது. என் வேலையும் அங்கேதான், அது உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் போவது என்று ஜனவரியில் நாம் பேசி முடிவு செய்ததும் ஞாபகம் இருக்கும். இப்போது என்ன செய்யலாம்?

நிறைய நேரம் வாயைத் திறந்து மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

“போ” என்றார்.

புதுச் சொல். ஃபர்ஹானாவின் தாளில் எழுதிவிட்டேன்.

மே 3

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

மே 4, திங்கள்

ஃபர்ஹானா தாளைப் பார்த்ததும், “போ! வினைச்சொல் வந்திருக்கு மேடம்” என்று குதித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். எந்தக் கேள்விக்குச் சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன், சுருக்கமாக.

“காட்டச் சொன்னீங்களா?”

“இதை எப்படிக் காட்டறது?”

“அது சாரோட பிரச்சினை” என்றாள். அவர் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “சார், மேடம் கோயம்புத்தூர் போறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வாயால சொல்ல வேண்டாம். காட்டுங்க.”

நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்தார். நாங்கள் தாங்கப் போனோம், முழங்கையால் தள்ளிவிட்டார். வலது காலை இழுத்து இழுத்துக் கூடத்தைத் தாண்டி என் அறைக்குப் போனார். அந்த அறைக்குள் அவர் வந்து நாளாகிறது. அலமாரிக்கு மேலே இருந்த என் பெட்டியை ஊன்றுகோலால் சுட்டினார். ஃபர்ஹானா இறக்கிக் கட்டிலில் திறந்து வைத்தாள். காலிப் பெட்டி.

திரும்பித் தன் அறைக்குப் போனார். கொடியில் கிடந்த தன் நீலச் சட்டையை இடது கையால் இழுத்தார், கிளிப்பு பறந்து போய் விழுந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பெட்டிக்குள் போட்டார். மறுபடி போனார். வேட்டி. மறுபடி போனார். கதவுநிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியாகக் கையெழுத்துப் பிரதி வந்தது, கக்கத்தில் இடுக்கியபடி.

பெட்டியைக் காட்டினார், என்னைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார்.

“போ… போ…” என்றார். அடுத்த எழுத்து வரவில்லை. கையால் பெட்டியின் விளிம்பை அடித்தார். “போலா…ம்.”

மூன்று நாளாக அந்தச் சொல்லின் பாதியோடு இருந்திருக்கிறார்.

நான் குனிந்து அந்தச் சட்டையை மடித்து வைத்தேன். அது ஈரமாகவே இருந்தது. அப்படியே மடித்தேன்.

மே 5

கோயம்புத்தூர் வீட்டுக்காரரிடம் பேசினேன். இரண்டு பேர் என்றேன். கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது, படி ஏற வேண்டாம், பார்க்கிறேன் என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. பக்கத்தில் பேக்கரி, நாள் முழுவதும் தேங்காய் பன் வாசனை. காலையில் அவரை மையத்தில் விட்டுவிட்டு நான் நிறுவனத்துக்குப் போகிறேன். அண்ணி ஒரு வாரம் இருந்து அடுக்களையைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்துவிட்டுத் துறையூர் போனார். பஸ் ஏறும்போது, “ரெண்டு தட்டையும் ஒண்ணாவே வெச்சிருக்கேன்” என்றார்.

ஜூலை 19, ஞாயிறு

இன்று சண்டை போட்டோம்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஏழாம் அத்தியாயத்தின் முக்கியத் தேற்றம் எது என்பதில். எவ்வளவு கிட்டத்தில் வேண்டுமோ அவ்வளவு கிட்டத்தில் ஒரு புள்ளி கிடைக்கும் என்பதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. எனக்கு அது போதவில்லை. ஒரு நிபந்தனை சேர்த்தால், சார்பு எந்தச் சின்ன இடைவெளியிலும் பூஜ்யத்திலேயே படுத்துவிடாது என்று, ஒவ்வொரு இடைவெளியிலும் பூஜ்யம் இல்லாத ஒரு புள்ளியைக் காட்டும் வழியையும் கொடுத்துவிட்டால், அந்தத் துல்லியமான புள்ளியையே கட்டி எடுத்துவிடலாம். அவர் கட்சியின் விதியை மீறாமல். நிறுவலை எழுதி முன்னால் வைத்தேன்.

“கிட்ட. போதும்” என்றார்.

“போதாது. எனக்குக் கிட்டத்துல வேண்டாம். புள்ளியே வேணும்.”

“எல்…லா. எல்லாத்துக்கும்.” நிபந்தனை இல்லாமல் எல்லாச் சார்புக்கும் பொருந்துவதே பெரிது என்கிறார்.

“எல்லாத்துக்கும் சுமாரா இருக்கறதைவிட சிலதுக்கு முழுசா இருக்கலாம்ல?”

“இல்ல.” இந்த ‘இல்ல’ இல்லைதான், சந்தேகமே வேண்டாம். தாளைப் பிடுங்கி மூன்றாம் வரியைத் தட்டினார். “காட்டு.”

காட்டினேன். நான்காம் வரியைத் தட்டினார். அதையும் காட்டினேன். ஐந்தாம் வரியில் அவர் தட்டியது அநியாயம். அதற்கான வழி நிபந்தனையிலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன். மறுபடி அதே வரியைத் தட்டினார்.

“நீ முதல்ல நிபந்தனைய ஒழுங்காப் படி. படிக்காம தட்டிக்கிட்டே இருந்தா?”

சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஆராய்ச்சி மாணவர்களாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ‘நீ’ என்றுதான் பேசிக்கொள்வோம். பெரியவர்கள் முன்னால் பழகிய ‘நீங்க’ அப்புறம் அப்படியே தங்கிவிட்டது. அதைவிட, ஜனவரிக்குப் பிறகு இந்த மனிதரிடம் நான் குரலை உயர்த்தவே இல்லை. நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாக, நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தார். பிறகு தாளைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிபந்தனையைப் படித்தார். உதடுகள் அசைந்தன. வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தாளைக் கீழே போட்டார்.

“ச்சே” என்றார்.

ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. அரை நிமிடத்தில் மேசையைத் தட்டி, “ரெண்டும். ரெண்டும் போடு. என்னோடது… முன்னாடி” என்று ஆரம்பித்தார். ஒரே மூச்சில் ஐந்து சொல். எண்ணிப் பார்த்து மகிழக்கூட நேரம் தரவில்லை. என்னுடையதுதான் முன்னால் வர வேண்டும் என்றேன். மறுபடி தட்டினார்.

நடுவில் சேவியர் கூப்பிட்டார், ஏழாம் அத்தியாயம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு. நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றேன். இங்கே கேட்ட சத்தத்தில், “யார் மேடம் கத்தறது?” என்றார். “உங்க ஆசிரியர்தான்” என்றேன்.

மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்து சாப்பிட்டோம். சமைக்க மறந்துவிட்டோம். முடிவு இன்னும் ஆகவில்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்கும்.